முறைப்பாட்டுப் படிவத்துக்கு முன் அண்ணாவியாரின் கையெழுத்து

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரென்று இனங்காண முடியாதவாறு சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

திருமண வீடுகளுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் வீடியோ எடுக்கும் சிறிய ஸ்ரூடியோ ஒன்றை அவர் நடத்துகிறார். பல ஆண்டுகளின் பின் ஊர்க் கோயில் பொங்கலோடு கோவலன் கூத்து ஆடப்பட்டபோது, இரண்டு கமராக்களை வைத்து விடியும்வரை படம் பிடித்திருக்கிறார். ஆலய பரிபாலன சபை ஜெனரேற்றர் எண்ணெய்ச் செலவுக்கென்று 20,000 ரூபாய் கொடுத்தது. அதற்கு மேல் கொடுப்பனவும் இல்லை, எழுத்தில் எந்த உடன்பாடும் இல்லை. இரண்டு மாதம் இரவிரவாக இருந்து தொகுத்து, மூன்று மணி நாற்பது நிமிடக் காணொளியாகத் தமது யூரியூப் சனலில் ஏற்றினார். மூன்று வாரத்துக்குள், கனடாவிலிருந்து நடத்தப்படுவதாகத் தெரியும் ஒரு சனல் அதைத் தரவிறக்கி, ஒன்பது துண்டாக வெட்டி, மூலையிலிருந்த ஸ்ரூடியோவின் பெயரை மங்கலாக்கி, தன் இலச்சினையை மேலே ஒட்டி, "நன்றி: இணையம்" என்ற வரியோடு வெளியிட்டுவிட்டது. அதே துண்டுகள் ஒரு முகநூல் பக்கத்திலும் ஒரு ரெலிகிராம் சனலிலும் ஓடுகின்றன. இவரும் நண்பர்கள் நாற்பது பேரும் காணொளியின் கீழுள்ள ரிப்போர்ட் பொத்தானை நாட்கணக்கில் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையில் இவருடைய காணொளிக்கே பதிப்புரிமை உரிமைகோரல் வந்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. களவெடுத்தவன்தான் அதையும் செய்திருக்கிறான் என்று அவர் நம்புகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. எதையும் பதிவு செய்யாத எனக்கு உரிமை உண்டா? பழைய கூத்து யாருக்கும் சொந்தமில்லை என்று அந்தச் சனல்காரர் பதில் எழுதுகிறாரே, அது சரியா? பொலிஸில் முறையிடலாமா? மூன்று முறைப்பாடு போட்டால் அவருடைய சனலே மூடப்படும் என்கிறார்கள். அதைச் சொல்லிப் பயமுறுத்தி ஐந்து இலட்சம் கேட்டால் என்ன? கூத்தில் ஆடியவரின் மகன் கைத்தொலைபேசியில் எடுத்துப் போட்ட ஐந்து நிமிடத் துண்டையும், பல்கலைக்கழக மாணவி ஒருவர் தம் உரையில் சேர்த்த இரண்டு நிமிடக் காட்சியையும் இதோடு சேர்த்துத் தூக்கலாமா? கடைசியாக, என் பெயரும் வீட்டு முகவரியும் முன்பின் தெரியாதவரின் கைக்குப் போய்விடுமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் திட்டங்களில் பாதி உங்களுக்கே கேடாக முடியக்கூடியவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: யூரியூப்பிடம் முறையிட்டால் அங்கே ஒருவர் இரண்டு காணொளிகளையும் பார்த்து, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வார் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். அப்படி யாரும் அங்கே இல்லை. உங்கள் சொல்லை உங்கள் கையெழுத்தின் பேரில் நம்பி நடவடிக்கை எடுப்பதும், மறுதரப்பு அதே போலக் கையெழுத்திட்டு மறுத்தால் ஒதுங்கிக்கொள்வதும்தான் அவர்களுடைய வேலை. ஆகவே அந்தக் கையெழுத்தை இடும்போது உங்கள் காலடி உறுதியாக இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குவோம்.

எது உங்களுடையது, எது இல்லை

பதிவைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமையும் உருவாகிறது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறிகளையும் கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமைகளையும் பதிவு செய்கிறதே தவிர, பதிப்புரிமையைப் பெறுவதற்குப் பதிவு எதுவும் இங்கே தேவையில்லை. இலங்கை 1959 முதல் பேர்ண் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருப்பதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதே பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிடுவதற்கு முன் பதிவு வேண்டும் என்ற விதிகூட அமெரிக்கப் படைப்புகளுக்கே உரியது.

ஆனால் "கூத்து என்னுடையது" என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. கோவலன் கண்ணகி கதையும், தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டுகளும், முல்லைமோடி ஆட்டமுறையும் உங்களுடையவையும் அல்ல, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருடையவையும் அல்ல. அதற்காக, சனல்காரர் சொல்வது போல் அது கேட்பாரற்ற சொத்துமல்ல. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கத்தோடோ வழமையான சூழலுக்கு வெளியேயோ பிரதி செய்வதற்கு எமது சட்டத்தின் 24 ஆம் பிரிவு தனியான கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, கட்டியகாரனுக்கும் மாதவிக்குமாக அண்ணாவியார் புதிதாகக் கட்டிய பதினொரு பாட்டுகளைப் பற்றி நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவை அவருடைய படைப்பு. அவர் வாழும் காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை அவரிடமும் அவர் பிள்ளைகளிடமும் இருக்கும். ஆடியவர்களுக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் மத்தளக்காரருக்கும் நிகழ்த்துநர் என்ற வகையில் தனி உரிமை உண்டு. தம் ஆட்டத்தைப் பதிவு செய்ய இடம் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

உங்களுடையது படம். எங்கே கமராவை வைப்பது, எப்போது கண்ணகியின் முகத்துக்கு நெருங்குவது, எதை வெட்டுவது என்று தீர்மானித்து, பொறுப்பேற்று, உழைத்து உருவாக்கிய அந்த மூன்று மணி நாற்பது நிமிடங்கள். ஒரு திரைப்படைப்பின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதன் தயாரிப்பாளருக்கே முதலில் உரியது. வெளியான நாளிலிருந்து 70 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். சனல்காரர் திருடியதும் இதைத்தான். பழைய கதையை எவரும் எடுத்து ஆடலாம். ஆடுவதற்கு ஆள் சேர்த்து, இரவு முழுக்கக் கண் விழித்து அவரும் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

எண்ணெய்ச் செலவு 20,000 ரூபாயைச் சிறிய விடயமென்று எண்ணிவிடாதீர்கள். நாளைக்குப் பரிபாலன சபையில் ஒருவர், "நாங்கள் காசு கொடுத்து எடுப்பித்த படம், தயாரிப்பாளர் நாங்கள்தான்" என்று ஒரு வரி எழுதினால், மறுதரப்புக்கு அது கொழுகொம்பாகிவிடும். சட்டத்தின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பதும் அனுமதி வழங்குவதும் எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வன்னியில் நாங்கள் வாய்ச்சொல்லில் வாழ்ந்து பழகியவர்கள். வயல் குத்தகையைக்கூட வேலியோரம் நின்று பேசி முடிப்போம். இந்த விடயத்தில் அந்தப் பழக்கம் உதவாது.

எனவே, யூரியூப்பின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தைத் திறக்கும் முன் ஒரு பின்னேரம் அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் எல்லோரையும் கூட்டுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் போதும். இன்ன நாள் இன்ன இடத்தில் ஆடிய கூத்தை நீங்கள் படம் பிடித்ததற்குச் சம்மதம். அண்ணாவியாரின் பாட்டுகளை இந்தக் காணொளியில் சேர்த்து வெளியிட அனுமதி. பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தினால் எல்லோர் சார்பிலும் முறையிட உங்களுக்கு அதிகாரம். சபை கொடுத்த பணம் எண்ணெய்ச் செலவுக்கான உதவி, படத்தின் விலையல்ல. இவற்றோடு, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையும் எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் தொடாமல் போன இடம் இது. அவர்கள் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. தலைவர், அண்ணாவியார், ஆடியவர்கள், நீங்கள் என எல்லோரும் கையெழுத்திட்ட பின், ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

படிவம் எப்படி வேலை செய்கிறது

களவெடுத்தவர் கனடாவில் இருந்தாலும் காணொளி இருப்பது அமெரிக்க நிறுவனமொன்றின் தளத்தில் என்பதால், உங்களுக்குப் பயன்படுவது 1998 இல் அமெரிக்கா இயற்றிய டிஜிற்றல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 512 ஆம் பிரிவு. பயனர்கள் ஏற்றும் பொருளுக்குத் தளம் பொறுப்பாகாது; ஆனால் உரிமையாளரிடமிருந்து முறையான அறிவித்தல் கிடைத்தால் விரைந்து அகற்ற வேண்டும், திரும்பத் திரும்ப மீறுபவர்களை வெளியேற்றும் கொள்கையும் வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் பேரம். எமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படியான நடைமுறை விரித்துரைக்கப்படவில்லை. கனடாவின் முறை வேறு: அங்கே 2015 முதல், இணையச் சேவை வழங்குநர் உரிமையாளரின் அறிவித்தலை உரியவருக்கு அனுப்பி வைத்தாலே தன் கடமை முடிந்தது, அகற்ற வேண்டியதில்லை. கனடாவுக்கு எழுதலாமா என்று உங்கள் மைத்துனர் சொன்ன யோசனையைக் கைவிடுவதற்கு இது ஒன்றே போதும்.

நீங்களும் நாற்பது நண்பர்களும் அழுத்திய பொத்தான், ஆபாசம், வன்முறை, குப்பைப் பதிவு போன்றவற்றுக்கானது. பதிப்புரிமைக்கான படிவம் வேறு. அதை உரிமையாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மட்டுமே நிரப்பலாம். நாற்பது பேரின் ஆயிரம் அழுத்தல் அங்கே ஒரு முறைப்பாடாகக்கூட எண்ணப்படாது. படிவத்தில் உங்கள் மூலக் காணொளி எது, மீறும் காணொளி எது என்று ஒவ்வொன்றின் இணைப்பையும் தனித்தனியே குறிக்க வேண்டும். "அந்தச் சனல் முழுவதும்" என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். ஒன்பது துண்டுக்கும் ஒன்பது இணைப்பு. உங்கள் தொடர்பு விவரம், இப்பயன்பாட்டுக்கு அனுமதி இல்லையென நல்லெண்ணத்துடன் நம்புகிறீர்கள் என்ற கூற்று, சொன்னவை சரியானவை என்றும் முறையிட அதிகாரம் உண்டென்றும் பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கூறும் உறுதி, கையெழுத்தாக முழுப்பெயர் ஆகியவையும் வேண்டும்.

யூரியூப்பில் உடனடியாக அகற்றக் கேட்கலாம். அல்லது ஏழு நாள் அவகாசம் கொடுக்கலாம். அந்த ஏழு நாளுக்குள் அவர் தாமாகவே அகற்றிவிட்டால் அவருடைய சனலுக்கு ஸ்ரைக் என்ற மீறல் எச்சரிக்கை விழாது. நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். உங்களுக்கு வேண்டியது காணொளி இறங்குவது. ஏழு நாளில் அது நடந்துவிட்டால், சண்டை வளர்வதற்குக் காரணமும் இருக்காது. கூடவே, அகற்றப்பட்ட காணொளியின் பிரதிகள் மீண்டும் ஏறாமல் தடுக்கச் சொல்லும் கட்டத்தையும் தெரிவு செய்யுங்கள். ஒரு முறைப்பாடு செல்லுபடியான பின், உங்கள் காணொளியின் முழுமையான பிரதிகளைத் தேடித் தரும் பொருத்தம் பார்க்கும் கருவியும் உங்கள் கணக்குக்குக் கிடைக்கும். துண்டுகளையும் ஓரம் வெட்டியவற்றையும் அது தவறவிடலாம், ஆகவே கண்ணாலும் தேடத்தான் வேண்டும்.

முறைப்பாட்டுக்கு முன் சான்றுகளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு துண்டின் முகவரி, திகதி, பார்வை எண்ணிக்கை தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் உங்கள் பெயரை மங்கலாக்கியிருக்கிறார். ஆனால் நான்காம் துண்டில், கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படும் இடத்தில், கூத்து ஆடும் களரிக்குப் பின்னாலிருந்து "தம்பி, ஜெனரேற்றரைப் பார், லைற் மங்குது" என்று ஒரு குரல் கேட்கிறது. அது உங்கள் குரல். அடுத்த நொடியில் ஒரு நாய் களரியைக் குறுக்கறுத்து ஓட, முன்வரிசைப் பாட்டி செருப்பை எடுக்கிறார். அந்த நொடியின் நேரக்குறிப்பை இரு காணொளியிலும் குறித்து வையுங்கள்.

அவர் மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தம் பெயர், முகவரியோடு, தவறுதலாக அகற்றப்பட்டது என்று உறுதிகூறி, அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு உடன்பட்டு எதிர் அறிவித்தல் ஒன்றை அவர் அனுப்பலாம். அதன் பின் வழக்குத் தொடுத்ததற்கான சான்றைக் காட்ட யூரியூப் உங்களுக்குத் தருவது அமெரிக்க வேலைநாட் கணக்கில் பத்து நாள். காட்டாவிட்டால் காணொளி மீண்டும் ஏறும். மற்றவரின் உழைப்பைத் தூக்கியவர்கள் தம் சொந்த முகவரியை எழுதிக் கையெழுத்திடுவது அரிது என்பதே என் அனுபவம். ஆயினும், அவர் துணிந்துவிட்டால், அந்தப் பத்து நாளில் சட்டத்தரணியிடம் ஓடுவதற்கு உங்கள் கையில் முற்றத்துக் கடிதம் இருக்க வேண்டும்.

உங்களுக்கு வந்த மின்னஞ்சல்

நீங்கள் இணைத்த மின்னஞ்சலை வாசித்தேன். அது களவெடுத்தவரிடமிருந்து வந்ததல்ல. பெயரோட்டத்தின் கீழ் நாற்பது விநாடிக்குப் பழைய திரைப்படப் பாட்டொன்றை வைத்திருக்கிறீர்கள்; அதன் ஒலிப்பதிவு உரிமையுள்ள இசை நிறுவனத்தின் சார்பில், 2007 முதல் யூரியூப் பயன்படுத்தும் கொன்ரென்ற் ஐடி என்ற தானியங்கிப் பொருத்தல் முறை அதைக் கண்டுபிடித்திருக்கிறது. இது உரிமைகோரல், ஸ்ரைக் அல்ல. சனலுக்குப் பாதிப்பில்லை, ஆனால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகலாம். இதை மறுத்து வாதாடாதீர்கள், ஏனென்றால் அவர்கள் சொல்வது சரி. யூரியூப்பின் தொகுப்புக் கருவியிலேயே அந்தப் பாட்டை மட்டும் அகற்றிவிட முடியும். "நன்றி: இணையம்" என்று எழுதியவரில் எவ்வளவு கோபப்பட்டீர்கள்! உங்கள் பெயரோட்டத்தின் முடிவில், "பாடல்: நன்றியுடன்" என்று இருக்கிறது, தம்பி. நன்றி சொல்வது அனுமதி கேட்டதாகாது. அந்த இடத்தில் மத்தளத்தையும் அண்ணாவியாரின் காப்புப் பாட்டையும் வைத்தால் என்ன?

பொலிஸ், ஐந்து இலட்சம், மற்ற இரண்டு துண்டுகள்

வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது எமது சட்டத்தில் குற்றம்தான். நீதவான் நீதிமன்றம் ஆறு மாதம் வரை சிறையோ 500,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் கனடாவில் இருப்பவர் மீது இங்குள்ள பொலிஸ் நிலையத்தால் எளிதில் எதையும் செய்துவிட முடியாது. தடையுத்தரவுக்கும் நட்டஈட்டுக்குமான சிவில் வழக்கென்றால் நடைமுறையில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும். பஸ் காசையும் தவணைகளையும் எண்ணிப் பார்த்தால், இப்போதைக்கு அது உங்களுக்கு ஏற்ற வழியல்ல.

ஐந்து இலட்சக் கதையை இன்றோடு மறந்துவிடுங்கள். நட்டஈடு கேட்டுச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புவது முறையானது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ரைக் விழுந்தால் சனல் மூடப்படக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் அதைக் கத்தியாகக் காட்டிப் பணம் கேட்பது வேறு. 2019 இல் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒருவர் பொய்யான அகற்றல் அறிவித்தல்களை வைத்து மற்றப் படைப்பாளிகளிடம் பணம் பறிக்க முயன்றார் என்று யூரியூப் நிறுவனமே அவர் மீது வழக்கிட்டது. 25,000 டொலர் கட்டவும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவும் உடன்பட்டே அவர் அதை முடித்துக்கொண்டார். உங்கள் முறைப்பாடு பொய்யல்ல என்று சொல்வீர்கள். அடுத்த இரண்டு துண்டுகளையும் சேர்த்தால் அது பொய்யாகிவிடும்.

ஆடியவரின் மகன் தன் தொலைபேசியில் எடுத்தது அவருடைய படம். அதே கூத்து, அதே இரவு என்றாலும், அதில் உங்களுக்கு ஒரு விநாடியும் சொந்தமில்லை. தகப்பன் ஆடுவதைப் பிள்ளை படம் பிடித்ததை நீங்கள் அகற்றக் கேட்டால், முற்றத்துக் கடிதத்துக்கு அந்தத் தகப்பனிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பீர்கள்? மாணவியின் இரண்டு நிமிடம் உங்கள் காணொளியிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆனால் விமர்சனம், கற்பித்தல், ஆய்வு போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை எமது சட்டத்தின் 11 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அமெரிக்காவிலும், குழந்தையொன்று ஆடும் 29 விநாடிக் காணொளி தொடர்பான வழக்கில், அறிவித்தல் அனுப்பும் முன் நியாயமான பயன்பாடா என்பதை உரிமையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் ஸ்ரூடியோவின் பெயரைச் சேர்க்கும்படி அவருக்கு அன்பாக ஒரு செய்தி அனுப்புங்கள். சேர்ப்பார்.

முகநூலும் ரெலிகிராமும்

முகநூலிலும் தனியான பதிப்புரிமைப் படிவம் உண்டு, நடைமுறையும் ஏறத்தாழ இதுவே. ரெலிகிராமின் பொதுச் சனல் என்றால் அவர்களது பதிப்புரிமை மின்னஞ்சலுக்கு இணைப்புகளோடு எழுதலாம். தனிப்பட்ட குழுக்களுக்குள் அவர்கள் தலையிடுவதில்லை. கூகுள் தேடலில் வரும் முடிவை அகற்றக் கேட்பது இன்னொரு படிவம். அது தேடலிலிருந்து மறையுமே ஒழிய, பொருள் இருந்த இடத்தில்தான் இருக்கும். வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் அனுப்பப்பட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் துரத்தி உங்கள் நாட்களைத் தொலைக்க வேண்டாம்.

பெயரும் முகவரியும் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. இந்த மண்ணில் முன்பின் தெரியாதவர் கையில் தம் விவரம் போவதை அஞ்சுவதற்கு எவருக்கும் காரணம் உண்டு. நீங்கள் முறையிட்டால் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் மறுதரப்புக்குத் தெரியவரும் என்றே கொள்ளுங்கள். அகற்றப்பட்ட காணொளியின் இடத்தில் உரிமையாளரின் பெயர் வெளிப்படையாகத் தோன்றலாம். கூகுள் தனக்கு வரும் அகற்றல் கோரிக்கைகளின் பிரதிகளை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புவதும் வழக்கம். ஆகவே சொந்த மின்னஞ்சலை விட்டு, ஸ்ரூடியோவின் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள்; முகவரியாகக் கடையின் முகவரியைக் கொடுங்கள். அதுவும் வேண்டாமென்றால், உங்கள் எழுத்திலான அதிகாரத்தோடு சட்டத்தரணி ஒருவர் முகவராக நின்று தம் அலுவலக முகவரியிலிருந்து முறையிடலாம். போலிப் பெயரில் மட்டும் எழுதிவிடாதீர்கள், அது முறைப்பாட்டையே செல்லாததாக்கிவிடும்.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்று எழுதியிருந்தீர்கள்: ஆவணித் திருமணங்கள் வருகின்றன, மெமரி காட் போதவில்லை, கூத்து எடுத்த காட்டுகளை அழித்துப் பயன்படுத்தப் போகிறேன் என்று. அழிக்காதீர்கள். வெட்டாத மூலப் பதிவு உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. களவெடுத்தவரால் காட்ட முடியாத ஒரே சான்று அது. கடன்பட்டாவது திருமணங்களுக்கு வேறு காட் வாங்கிக்கொள்ளுங்கள்.